போல்ட்ஸ்மான்: கல்லறையில் ஒரு சமன்பாடு, கம்ப்யூட்டரில் இன்னொன்று

வியன்னா மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் தேடுவது இசை மேதைகளை. பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அதே தோட்டத்தில் அடர்ந்த தாடியுடன் ஒருவரின் மார்பளவுச் சிலையும் உண்டு. சிலைக்கு மேலே கல்லில் ஒரே ஒரு வரி: எஸ் = கே லாக் டபிள்யூ.

அவர் லுட்விக் போல்ட்ஸ்மான். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமன்பாட்டின் கருத்து அவருடையதுதான் என்றாலும், அந்த வடிவத்தில் அவர் அதை எழுதியதே இல்லை. அப்படி எழுதியவர் மாக்ஸ் பிளாங்க். அதில் வரும் ‘கே’ என்ற எண்ணைத்தான் இன்று போல்ட்ஸ்மான் மாறிலி என்கிறோம்.

அவர் தன் கையாலேயே எழுதிய சமன்பாடு வேறொன்று இருக்கிறது. 1872-ல், 28 வயதில் எழுதியது. விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அதன் மேல் காற்று எப்படி மோதும், ஹார்ட் டிஸ்க்குக்குள் காற்று எப்படி ஓடும், சிப் தயாரிக்கும் வெற்றிட அறைக்குள் வாயு எப்படிப் பரவும் என்று கணக்கிடும் கம்ப்யூட்டர்களில் ஓடுவது அதுதான். அதை எழுதும்போது அணு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்பதே சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. அந்தச் சண்டை அவர் வாழ்நாள் முழுக்க நீடித்தது.

அணுவை நம்பிய பட்டறை

போல்ட்ஸ்மான் 1844 பிப்ரவரி 20 அன்று வியன்னாவில் பிறந்தார். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய கொண்டாட்ட இரவு அது. உற்சாகத்தின் உச்சிக்கும் சோகத்தின் அடிக்கும் தன் மனசு தாவிக்கொண்டே இருப்பதற்கு அந்த இரவில் பிறந்ததுதான் காரணம் என்று பின்னாளில் அவரே ஜோக் அடிப்பார்.

அப்பா வரித்துறை அலுவலர். பையனுக்கு 15 வயது இருக்கும்போது இறந்துவிட்டார். அம்மா தன் பங்குச் சொத்தைக் கரைத்துத்தான் பிள்ளையைப் படிக்க வைத்தார். லின்ஸ் நகரில் பள்ளியில் படித்தபோது பியானோ சொல்லிக்கொடுக்க வந்தவர், பிறகு பெரிய இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ஆன்டன் புரூக்னர். மழையில் நனைந்த கோட்டை அவர் படுக்கை மேல் போட்டதும், அம்மாவுக்குக் கோபம் வந்து வகுப்பு நின்றுபோனதாக ஒரு கதை உண்டு. வகுப்பு நின்றாலும் பியானோ கடைசிவரை கூடவே வந்தது.

1863-ல் வியன்னா பல்கலைக்கழகம். அங்கே இருந்த இயற்பியல் கூடம் சின்னது, ஆனால் அங்கிருந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. யோசஃப் லோஷ்மிட் காற்றில் உள்ள ஒரு மூலக்கூறின் அளவை 1865-லேயே தோராயமாகக் கணக்கிட்டுக் காட்டியவர். ஆசிரியர் யோசஃப் ஸ்டெஃபான், மாணவனிடம் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லின் கட்டுரைகளைக் கொடுத்தார். அவை ஆங்கிலத்தில் இருந்தன, பையனுக்கோ ஆங்கிலம் தெரியாது. அதனால் கூடவே ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தையும் கொடுத்தார். 1866-ல் டாக்டர் பட்டம், 1869-ல் 25 வயதில் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி.

அப்படி என்ன எழுதினார்?

நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்குச் சராசரியாக 450 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஆனால் தூரம் போக முடியாது. சுமார் 70 நானோமீட்டர் போவதற்குள் இன்னொன்றின் மேல் மோதிவிடும். ஒரு மூலக்கூறுக்கு நொடிக்கு ஏறத்தாழ 700 கோடி மோதல்கள்.

இத்தனையையும் தனித்தனியாகப் பின்தொடர யாராலும் முடியாது. மாக்ஸ்வெல் 1860-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த மூலக்கூறு எங்கே போகிறது என்று கேட்காதே, எந்த வேகத்தில் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணு. அடங்கி, எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் இருக்கும் வாயுவில் இந்த எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இருக்கும் என்று அவர் காட்டினார். மெதுவாகப் போகிறவை கொஞ்சம், நடுத்தரமானவை நிறைய, மிக வேகமானவை கொஞ்சம்.

போல்ட்ஸ்மான் கேட்டது அடுத்த கேள்வி. வாயு இன்னும் அடங்கவில்லை என்றால்? ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்று இருக்கும்போது, ஒரு மூலையில் திடீரென்று அழுத்தம் கூடும்போது அந்த எண்ணிக்கை நொடிக்கு நொடி எப்படி மாறும்?

ஒரு நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். எந்த வண்டி யாருடையது என்று தெரியவேண்டாம். எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த வேகத்தில், எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பட்டியல் இரண்டே காரணங்களால்தான் மாறும். வண்டிகள் நகர்ந்து அடுத்த கிலோமீட்டருக்குப் போகும், அல்லது ஒன்றையொன்று பாதித்து வேகத்தை மாற்றிக்கொள்ளும். போல்ட்ஸ்மானின் 1872 சமன்பாடும் இதேதான். ஒரு பக்கம் மூலக்கூறுகளின் ஓட்டம், மறுபக்கம் அவற்றின் மோதல்.

கிட்டத்தட்ட 100 பக்கம் நீண்ட அந்தக் கட்டுரையில் அவர் இன்னொன்றையும் செய்தார். மோதல்கள் நடக்க நடக்க, இந்தப் பட்டியலிலிருந்து கணக்கிடப்படும் ஓர் அளவு குறைந்துகொண்டே போகும், ஒருபோதும் கூடாது என்று நிரூபித்தார். எல்லாம் அடங்கி மாக்ஸ்வெல் சொன்ன வடிவம் வந்தபிறகுதான் அது நிற்கும். பால் ஊற்றிய டிகாக்‌ஷன் தானாகத் திரும்பப் பால் வேறு, டிகாக்‌ஷன் வேறு என்று பிரியாது, இல்லையா? வெப்பம் குளிரிலிருந்து சூட்டுக்குத் தானாகப் போகாது. என்ட்ரோபி என்ற பெயரில் இயற்பியலாளர்கள் சொல்லிவந்த அந்த ஒருவழிப் பாதைக்கு, மூலக்கூறுகளின் மோதலிலிருந்தே காரணம் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நினைத்தார்.

நண்பர் போட்ட குண்டு

குண்டு எதிரியிடமிருந்து வரவில்லை. 1876-ல் லோஷ்மிட், அதே பழைய நண்பர், மூத்த சகா, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். இரண்டு மூலக்கூறுகள் மோதுவதைப் படம் பிடித்து, படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அதுவும் இயற்கை விதிக்கு உட்பட்டதுதானே? அப்படியானால், அடங்கிப்போன வாயுவில் எல்லா மூலக்கூறுகளின் திசையையும் ஒரே கணத்தில் திருப்பிவிட்டால், அது வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். குறைந்துகொண்டே வந்த அந்த அளவு கூடவேண்டும். ஒருபோதும் கூடாது என்ற நிரூபணம் என்ன ஆவது?

கேள்வி நியாயமானது. போல்ட்ஸ்மானின் கணக்கில், மோதப்போகும் இரண்டு மூலக்கூறுகளுக்கும் முன்பின் எந்தத் தொடர்பும் இல்லை என்ற ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. காலத்தின் திசை நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

இங்கேதான் அவருடைய உண்மையான பெருமை இருக்கிறது. கேள்வியை மழுப்பாமல் எடுத்துக்கொண்டு, 1877-ல் தன் நிலைப்பாட்டையே மாற்றினார். என்ட்ரோபி குறையவே முடியாது என்பதில்லை, குறைவதற்கு வாய்ப்பு அபத்தமான அளவுக்குக் குறைவு, அவ்வளவுதான். வாயு கலைந்து கிடக்கும் விதங்கள் எண்ணிலடங்காதவை, ஒழுங்காக ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் விதங்கள் மிகச் சில. அதனால் கலைந்த நிலைக்குப் போகிறது. கல்லறையில் செதுக்கியிருப்பது இந்தக் கருத்தைத்தான். டபிள்யூ என்பது அந்த விதங்களின் எண்ணிக்கை.

20 ஆண்டு கழித்து, பிளாங்க்கின் உதவியாளர் செர்மெலோ வேறொரு பக்கத்திலிருந்து இதே மாதிரி வந்தார். மூடிய பெட்டிக்குள் இருக்கும் மூலக்கூறுகள் என்றாவது ஒருநாள் தொடங்கிய நிலைக்கே திரும்பி வந்தாக வேண்டும் என்று கணிதம் சொல்கிறதே என்றார். வரும், ஆனால் எவ்வளவு நாளாகும் தெரியுமா என்று போல்ட்ஸ்மான் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கன சென்டிமீட்டர் வாயுவுக்கான விடையை எண்ணாக எழுதினாலே பல லட்சம் கோடி இலக்கங்கள் வரும்.

இயற்பியலின் ஓர் அடிப்படை விதி நிச்சயம் அல்ல, நிகழ்தகவு மட்டுமே என்று சொல்வது அன்றைக்குக் கேட்பவர்களுக்குச் சறுக்கலாகத் தெரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பின்வாங்குகிறார் என்றுகூட நினைத்தார்கள். அடுத்த நூற்றாண்டின் இயற்பியல் முழுக்க இந்தப் பாதையில்தான் போனது.

மனைவி, மாடு, பெர்லின்

கிராட்ஸில் ஹென்றியெட்டே ஃபான் ஐகென்ட்லர் என்ற இளம்பெண் இயற்பியல், கணித வகுப்புகளில் உட்கார விரும்பினார். பெண்கள் வகுப்புக்கு வரக்கூடாது என்று விதி போட்டார்கள். அவர் விடாமல் மேலிடத்துக்கு மனு போட்டு அனுமதி வாங்கினார். அந்தப் போராட்டத்துக்குத் தோள்கொடுத்தவர் போல்ட்ஸ்மான். கணவனின் வேலையைப் புரிந்துகொண்டு அதில் பங்கெடுக்காத மனைவி வெறும் வீட்டு நிர்வாகியாக ஆகிவிடுவார் என்பது அவர் கருத்து. அதை எழுதித்தான் திருமணம் செய்துகொள்ளலாமா என்றே கேட்டார். 1876-ல் கல்யாணம். அதன்பின் ஹென்றியெட்டே படிப்பைத் தொடரவில்லை, ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

கிராட்ஸில் கழிந்த அடுத்த 14 ஆண்டுகள் அவருடைய நல்ல காலம். ஊருக்கு வெளியே வீடு வாங்கினார். பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமென்று சந்தையில் ஒரு பசுவை வாங்கி, தெருவழியாகத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாராம். எப்படிக் கறப்பது என்று விலங்கியல் பேராசிரியரிடம் போய்க் கேட்டதாகவும் சொல்வார்கள்.

பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடிகள். 1885-ல் அம்மா இறந்தார். 1887-ல் பல்கலைக்கழகத்தின் தலைவரானார், அடுத்த ஆண்டே மாணவர் கலகத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் பெர்லின் பல்கலைக்கழகம் அழைத்தது. கிர்ஹாஃப் உட்கார்ந்திருந்த நாற்காலி, எந்த இயற்பியலாளரும் கனவு காணும் பதவி. ஒப்புக்கொண்டார். பிறகு கண்பார்வை சரியில்லை, உடம்பு சரியில்லை என்று எழுதி விலகிக்கொண்டார். 1889-ல் மூத்த மகன் லுட்விக் 11 வயதில் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். வியாதி எவ்வளவு தீவிரம் என்று முன்பே கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அப்பா தன்னையே குற்றம்சாட்டிக்கொண்டார்.

அதன்பின் அவர் எந்த ஊரிலும் நிலையாக இருக்கவில்லை. 1890-ல் மியூனிக், 1894-ல் வியன்னா, 1900-ல் லைப்சிக், 1902-ல் மறுபடி வியன்னா. கடைசி முறை, இனி நாட்டைவிட்டு வேறெங்கும் வேலைக்குப் போகமாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகே பேரரசர் பதவி தந்தார்.

யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அன்றைய ஜெர்மன் அறிவியல் உலகில் அணுவை நம்பாதவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. வியன்னாவில் எர்ன்ஸ்ட் மாக், கண்ணால் காணமுடியாத ஒன்றை வைத்து அறிவியல் கட்டக்கூடாது என்றார். அணு என்று யாராவது பேசினால், நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்பது அவர் வழக்கம். வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், அணு வேண்டாம், ஆற்றல் ஒன்றே போதும், எல்லாவற்றையும் அதைவைத்தே விளக்கலாம் என்றார். ஆஸ்ட்வால்ட் போல்ட்ஸ்மானுக்கு நெருங்கிய நண்பரும்கூட.

1895-ல் லூபெக் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் இரு தரப்பும் நேருக்குநேர் மோதின. ஒரு பக்கம் ஆஸ்ட்வால்டும் கணிதவியலாளர் ஹெல்மும், மறுபக்கம் போல்ட்ஸ்மான். கேட்டுக்கொண்டிருந்த இளம் சோமர்ஃபெல்ட், பிற்காலத்தில் இதைச் சுறுசுறுப்பான வாள்வீரனுக்கும் காளைக்கும் நடந்த சண்டையாக நினைவுகூர்ந்தார். இந்தத் தடவை ஜெயித்தது காளை. ஆனாலும் மூன்று ஆண்டு கழித்து, வாயுக்களின் கோட்பாடு பற்றிய தன் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது போல்ட்ஸ்மானின் குரல் களைத்திருந்தது. காலத்தின் போக்குக்கு எதிராகத் தனியாகப் போராடுவதாக உணர்ந்தார். இந்தக் கோட்பாடு இப்போது மறக்கப்பட்டாலும், பிறகு யாராவது தேடிவரும்போது மறுபடி கண்டுபிடிக்க வேண்டியது குறைவாக இருக்கட்டும் என்பதே எழுதியதன் நோக்கம் என்று முன்னுரையில் குறிப்பிட்டார்.

இதைவைத்துத்தான், எதிரிகள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்ற கதை பரவியது. கேட்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. போல்ட்ஸ்மான் ஒதுக்கப்பட்டவர் இல்லை. பல்கலைக்கழகங்கள் அவருக்காகப் போட்டி போட்டன. மாக் ஓய்வுபெற்றபின் அவருடைய தத்துவ வகுப்பையே போல்ட்ஸ்மானிடம் ஒப்படைத்தார்கள். முதல் வகுப்புகளுக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம். லீசே மைட்னர் அவரிடம் படித்தவர், அந்த வகுப்புகளைக் கடைசிவரை மறக்கவில்லை.

1905-ல் கோடைகால வகுப்பெடுக்கக் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனார். அங்கே மதுவிலக்கு. பக்கத்து ஊரான ஓக்லண்டிலிருந்து ஒயினைக் கடத்திவந்து ஒளித்துவைத்துக் குடித்த கதையைத் திரும்பிவந்து பயணக்கட்டுரையாக எழுதினார். அதைப் படித்தால், உடைந்துபோன மனிதர் எழுதியதாகத் தோன்றாது.

ஆனால் உடம்பு உடைந்துகொண்டிருந்தது. ஆஸ்துமா, நெஞ்சுவலி, படிக்க முடியாத அளவுக்கு மங்கிய பார்வை. எல்லாவற்றுக்கும் மேல், திரும்பத் திரும்ப வந்த மனச்சோர்வு. அன்றைய மருத்துவத்தில் அதற்குப் பெரிதாக எந்தச் சிகிச்சையும் இல்லை. 1906 கோடையில் வகுப்புகளை ரத்துசெய்தார். செப்டம்பரில் குடும்பத்துடன் திரியெஸ்தே அருகே துயினோ என்ற கடலோர ஊருக்கு ஓய்வுக்குப் போனார்கள். 5-ம் தேதி, மனைவியும் மகளும் கடலுக்குப் போயிருந்தபோது தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 62.

நீரில் மிதக்கும் துகள்கள் ஏன் துள்ளிக்கொண்டே இருக்கின்றன என்பதை மூலக்கூறுகளின் மோதலால் விளக்கிய ஐன்ஸ்டீனின் கட்டுரை வெளிவந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1908-ல் பாரிஸில் ழான் பெரான் அதைச் சோதித்துச் சரிபார்த்தார். 1909-ல் வெளியான தன் பாடநூலின் புதிய பதிப்பில், அணு உண்டு என்று ஆஸ்ட்வால்ட் ஒப்புக்கொண்டார். மூன்றே ஆண்டு.

சமன்பாட்டின் இரண்டாம் வாழ்க்கை

1872 சமன்பாட்டை எழுதுவது ஒரு வேலை, தீர்ப்பது வேறு வேலை. 1910-களில் சாப்மன், என்ஸ்கோக் என்ற இருவர் தனித்தனியாக ஒரு வழி கண்டார்கள். மோதல்கள் மிக அடிக்கடி நடந்தால், ஒவ்வொரு சின்னத் துண்டு காற்றும் கிட்டத்தட்ட அடங்கியே இருக்கும். அப்போது போல்ட்ஸ்மான் சமன்பாட்டிலிருந்து, பொறியாளர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த சாதாரணத் திரவ ஓட்டச் சமன்பாடுகள் தானாக வெளிவரும். வாயுவின் பாகுத்தன்மை எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம்.

பிரச்சினை, அடங்காத காற்றில். 100 கி.மீ. உயரத்தில் ஒரு மூலக்கூறு அடுத்த மோதலுக்கு முன் 10 சென்டிமீட்டருக்கு மேல் பறக்கும். 120 கி.மீ. உயரத்தில் சில மீட்டர். திரும்பிவரும் விண்கலத்தின் நீளமே அவ்வளவுதான். அங்கே காற்று ஒரு திரவம்போல நடந்துகொள்ளாது, சாதாரணச் சமன்பாடுகள் தப்பான விடை தரும். தரையிலும் இதே கதை உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர். காற்று மூலக்கூறுக்கு அந்தச் சந்துக்குள் தன் இனத்தைவிடச் சுவரைத்தான் அதிகம் இடிக்க நேரும்.

போல்ட்ஸ்மானின் பட்டியலை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றவும் முடியாது. இடத்துக்கு மூன்று திசை, வேகத்துக்கு மூன்று திசை. ஒவ்வொன்றையும் 100 கட்டங்களாகப் பிரித்தால்கூட ஒரு லட்சம் கோடி கட்டங்கள். 1954-ல் வந்த ஒரு குறுக்குவழி இந்தியாவுக்கு நெருக்கமானது. ராஜஸ்தானின் கோட்டாவில் பிறந்த பிரபு லால் பட்நாகர், குரோஸ், குரூக் என்ற இருவருடன் சேர்ந்து, மோதலின் சிக்கலான பகுதியை எடுத்துவிட்டு, வாயு ஒரு குறிப்பிட்ட விரைவில் அடங்கிக்கொண்டே வரும் என்று எளிமையாக எழுதினார். மூவரின் முதலெழுத்தால் இது பிஜிகே மாதிரி எனப்படுகிறது. பட்நாகர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத் துறையை உருவாக்கினார். கார்களைச் சுற்றி ஓடும் காற்றைக் கணக்கிடும் மென்பொருள்கள் சில இன்றும் இந்த மாதிரியின் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகின்றன.

இன்னொரு வழி, ஆஸ்திரேலியாவின் கிரீம் பேர்ட் 1963-ல் தொடங்கியது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளுக்குப் பிரதிநிதியாக ஒரு துகள் என்று கம்ப்யூட்டரில் போடு. அவற்றை நகர்த்து. பக்கத்தில் இருப்பவற்றில் எந்த இரண்டு மோதவேண்டும் என்பதைத் தாயம் உருட்டுவதுபோல் தற்செயலாகத் தேர்ந்தெடு. 1872-ல் ஒளிந்திருந்து, லோஷ்மிட் பிடித்துக்காட்டிய அந்த அனுமானம், மோதப்போகும் இருவருக்கும் முன்பின் தொடர்பு இல்லை என்பது, இங்கே வெளிப்படையாக நிரலின் ஒரு வரியாகவே உட்கார்ந்திருக்கிறது. விண்கலங்களின் மேல்வளிமண்டலக் கணக்குகளுக்கு முதலில் கைவைப்பது இந்த முறையில்தான்.

அந்த அனுமானம் எப்போது சரி என்பதைக் கணிதவியலாளர்கள் விடவில்லை. 1975-ல் ஆஸ்கர் லான்ஃபோர்ட், நியூட்டனின் விதிகளிலிருந்து தொடங்கி போல்ட்ஸ்மானின் சமன்பாட்டுக்குக் கறாராக வந்துசேர்ந்தார். லோஷ்மிட் கேள்வி கேட்டு 99 ஆண்டு கழித்து. ஆனால் அந்த நிரூபணம் செல்லுபடியாகும் நேரம், ஒரு மூலக்கூறு இரண்டு மோதல்களுக்கு நடுவே எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு பகுதி மட்டுமே.